வண்டி போகும் திசையில்

பதினான்காவது பிழை. லாக் லோமண்ட் ஏரி இடப்பக்கம் வருவதாக ஆவுடையப்பன் எழுதியிருக்கிறார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், மேலிருந்து ஐந்தாவது வரி. ஏரியோ என் வலது தோளை ஒட்டி இருபது நிமிஷமாகக் கூடவே வந்துகொண்டிருக்கிறது. அத்தனை பெரிய தண்ணீரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் பதினான்கு என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தேன். ரயிலில் என் எதிர் இருக்கையில் செண்பகா. என் தங்கை மகள், கிளாஸ்கோவில் நர்ஸ், இன்றைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்திருக்கிறாள். போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "இன்னும் எத்தனைதான் கண்டுபிடிக்கப் போறிய பெரியம்மா? வெளிய கொஞ்சம் பாருங்களேன், எவ்ளோ அழகா இருக்கு," என்றாள். பார்க்காமலா தப்பு கண்டுபிடிக்கிறேன்? முப்பத்திரண்டு வருஷம் மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள் நான். எழுத்துப் பிழையை எல்லாரும்தான் பிடிப்பார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் இறங்கிய ஊர் ஏழாம் அத்தியாயத்தில் ஏறிய ஊராக மாறியிருப்பதைப் பிடிப்பவள்தான் மெய்ப்புப் பார்ப்பவள். ஆவுடையப்பனின் ஒன்பது பயணப் புத்தகங்களையும் பிடித்துப் பிடித்துச் சரி செய்து அனுப்பியது இந்தக் கைதான். இடது வலது என்று வந்தால் அது வண்டி போகும் திசையை வைத்துத்தான் இருக்க வேண்டும், எழுதுகிறவன் கையை வைத்து அல்ல என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். ரொம்ப முக்கியம் என்று சிரித்தார். இதோ, முக்கியமா இல்லையா என்று அடுத்த மாதம் தெரியும்.

பத்தாவது புத்தகம் இது. நான் தொடாத முதல் புத்தகம். ரயிலும் படகும் பேருந்துமாக பிரிட்டன் முழுவதும், கார் ஏறாமல், நாற்பது நாள். அட்டையில் ஒரு படகு, உள்ளே முதல் பக்கத்தில் 'என் துணை வசுமதிக்கு'. எனக்கு அவர் எந்தப் புத்தகத்தையும் சமர்ப்பித்ததில்லை. ஒன்பதில் ஒன்று அப்பாவுக்கு, ஒன்று குலதெய்வத்துக்கு, ஒன்று இந்திய ரயில்வேக்கு, மற்றதெல்லாம் யார் யாருக்கோ. என்னைப் பற்றி அச்சில் இருப்பது ஒரே ஒரு வரி. முதல் புத்தகத்தின் முன்னுரையில் முதல் வரி. 'என் மனைவி உலகம்மாள் இந்தியா முழுவதையும் முதுகால் பார்த்தவள்.' அதை மெய்ப்புப் பார்த்ததும் நான்தான். ஒரு பிழையும் இல்லை, அப்படியே விட்டேன். அவருக்கு ரயிலில் பின்னோக்கி உட்கார முடியாது, தலை சுற்றும், குமட்டும். அதனால் ஜன்னலோரத்தில் எதிரெதிராக இரண்டு இருக்கை கிடைத்தால் வண்டி போகும் திசையைப் பார்த்தது அவருக்கு, மற்றது எனக்கு. இருபத்தாறு வருஷம். கோதாவரிப் பாலம் வருகிறது என்று அவர் சொல்வார், எனக்கு அது போய்க்கொண்டிருக்கும்போதுதான் தெரியும். மலை வருகிறது, கோபுரம் வருகிறது, மயில் பார் மயில், எங்கே, போய்விட்டது. அவருக்கு எல்லாம் வந்தது, எனக்கு எல்லாம் போனது. அந்த வரி ரொம்பப் பிரபலம். கூட்டங்களில் அதைச் சொன்னால் போதும், மண்டபமே சிரிக்கும். திருநெல்வேலியில் ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்து, "நீங்கதானா அந்த முதுகு அம்மா?" என்று கேட்டாள், நானும் சிரித்தேன். சிரித்தேனே. அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது, அவர் எழுதியதை விட நான் சிரித்தது. வசுமதி அப்படி ஒரு கூட்டத்துக்கு வந்தவள்தான். வங்கி அதிகாரி, வாசகி, கடிதம் எழுதுகிறவள். நல்ல கையெழுத்து, அதையும் சொல்லியாக வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு முடித்தோம்.

புத்தகத்தை வாங்கினேன், படித்தேன், பதினைந்தாம் பக்கத்திலேயே மூக்கில் வாடை அடித்தது. டாலிஷ் என்கிற ஊரில் ரயில் கடலை உரசிக்கொண்டு போகும், பிளிமத் போகிற வண்டியில் கடல் வலப்பக்கம் என்கிறார். வரைபடத்தை எடுத்து விரித்தேன். தெற்கே கடல், வண்டி மேற்கே போகிறது, பிறகு எப்படி வலப்பக்கம் வரும்? அதற்கப்புறம் விடுவேனா. எடின்பரோ போகும் வழியில் டர்ஹம் தேவாலயம் இடப்பக்கம் என்கிறார், அது வலப்பக்கம். பெரிக் பாலத்தருகே கடல், அதுவும் அப்படியே தலைகீழ். வேல்ஸின் வடகரை, அதுவும். ஆள் ரயிலில் போகவே இல்லை! லண்டனில் வசுமதியின் அண்ணன் வீட்டில் நாற்பது நாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீடியோ பார்த்து எழுதியிருக்கிறார், திசை எப்படித் தெரியும்? இந்தப் புத்தகத்துக்குத்தான் அடுத்த மாதம் ஓர் அறக்கட்டளை விருது, மாலை, பொன்னாடை, அவள் முதல் வரிசையில். வரைபடத்தை வைத்துக் கடிதம் போட்டால் கைவிடப்பட்ட பெண்டாட்டியின் வயிற்றெரிச்சல் என்பார்கள். வயிற்றெரிச்சல்தான், இல்லையென்று யார் சொன்னது, ஆனால் ஆதாரத்தோடு எரிய வேண்டும். அறுபத்து மூன்று வயதில் பாஸ்போர்ட் எடுத்தேன். செண்பகா வீட்டில் தங்கி ஐந்து வாரமாக அவர் புத்தகத்தில் சொன்ன ஒவ்வொரு வண்டியிலும் ஏறினேன், எல்லாவற்றிலும் வண்டி போகும் திசையைப் பார்த்த இருக்கையாகக் கேட்டு வாங்கி. கைப்பையில் கடிதம் இருக்கிறது. மூன்று பக்கம், வாரப் பத்திரிகை ஆசிரியருக்கு, 'இது பயணம் அல்ல, புரட்டு' என்று தலைப்பே போட்டுவிட்டேன். கூடவே பிழைப் பட்டியல் தனித்தாளில். கடைசி அத்தியாயம் இன்று. ரயில் மாலெக் என்கிற துறைமுகத்தில் முடிகிறது, அங்கிருந்து ஸ்கை தீவுக்குப் படகு. மாலெக்கில் தபால்பெட்டி இருக்கிறதாம், உறையைப் போட்டுவிட்டு அந்த ஊர் முத்திரையோடு அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறேன். போகாதவனைப் போனவள் அங்கிருந்து கேட்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது, கல்லில் மாட்டிய முந்தானை போல. பேருந்துப் பகுதிகளில் ஒரு பிழை கூட இல்லை. படகுப் பகுதிகளிலும் இல்லை, ஆரன் தீவின் மலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே இருந்தது. ரயிலில் மட்டும்தான் எல்லாம் மாறிக் கிடக்கிறது. அதெல்லாம் கையேட்டைப் பார்த்துக் காப்பி அடித்தது என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டேனே தவிர, சரியாகப் பொருந்தவில்லை.

ஏரி முடிந்து மேடு ஏறி, மரமே இல்லாத ஒரு பொட்டல் வந்தது, கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்புப் புல்லும் கறுப்புத் தண்ணீரும். வீடில்லை, ஆளில்லை. திடீரென்று பயமாக இருந்தது. இங்கே இந்த வண்டி நின்றுவிட்டால் என்கிற பயம் இல்லை. கடிதம் அச்சாகி, விருது போய், அவர் தலைகுனிந்து, எல்லாம் நான் நினைத்தபடியே நடந்துவிட்டால் அதற்கு அடுத்த நாள் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்கிற பயம். காப்பி போடுவேன். பேப்பர் படிப்பேன். அப்புறம்? அதை நினைக்காதே உலகம்மா என்று எனக்கே அதட்டல் போட்டேன். பெயரைப் பார், உலகம்மாள், தென்காசியில் பிறந்ததால் வைத்த அந்த ஊர் அம்மனின் பெயர். பார்த்த உலகமெல்லாம் பின்பக்கம். ஃபோர்ட் வில்லியம் ஸ்டேஷனில் வண்டி நின்றது, பாதிப்பேர் இறங்கினார்கள், டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் எங்கள் ஜன்னலைத் தாண்டி வண்டியின் வால்பக்கம் நடந்து போனார். இதற்கு மேல் தண்டவாளம் இல்லை, வந்த பக்கமே கொஞ்சம் போய் வேறு கிளையில் திரும்ப வேண்டும், அதனால் வால்தான் இனி தலை. செண்பகா இறங்கிப் போய் இரண்டு டீயும் ஒரு பொட்டலமும் வாங்கி வந்தாள். வண்டி கிளம்பியது, மேஜை மேல் டீ எதிர்ப்பக்கமாக அலம்பியது. "பெரியம்மா, இப்ப நீங்க பின்னாடி பாத்து உக்காந்திருக்கிய. மாறிக்குவோமா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். ஒரு கையில் டீயோடு பாதி எழுந்தும் விட்டாள். வேண்டாம், இரு என்றேன். ஏனென்றால் அந்த வார்த்தையை எங்கேயோ படித்திருக்கிறேன். புரட்டினேன். நூற்றுப் பதினெட்டாம் பக்கம், 'ஃபோர்ட் வில்லியத்தில் வண்டி திசை மாறியது, நாங்களும் இடம் மாறி உட்கார்ந்தோம்.' வெட்டி வரி, பக்கத்தை நிரப்புவது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், என் கையெழுத்தில்.

அதற்கு அடுத்த வரி, லாக் ஈல் ஏரி வலப்பக்கம் வருகிறது. நிமிர்ந்தேன். ஏரி வந்திருந்தது. கரையில் இரண்டு படகு கவிழ்ந்து கிடந்தது. என் வலது கைப்பக்கம். புத்தகத்தில் உள்ளபடியே, வலப்பக்கம். முதல் சரி. ஐந்து வாரத்தில் ரயிலில் அவர் எழுதிய முதல் சரியான பக்கம். வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன், மோதிரம் போட்ட கை, சந்தேகமில்லை. ஆனால் வண்டி போகும் திசைக்கு இது இடப்பக்கம். அப்படியென்றால் பிழைதான். பிழை, ஆனால் இந்த இருக்கையிலிருந்து பார்த்தால் சரி. இந்த இருக்கையிலிருந்து. பின்னோக்கிய இருக்கையிலிருந்து. பேனாவை மூடினேன். டாலிஷ் கடல், பின்னோக்கி உட்கார்ந்தால் வலப்பக்கம். டர்ஹம், பின்னோக்கி உட்கார்ந்தால் இடப்பக்கம். பெரிக், வேல்ஸ், லோமண்ட். பதினான்கும். பேருந்தில் எல்லா இருக்கையும் முன்னோக்கித்தான், பிழை இல்லை. படகில் எல்லாரும் முன்னால் போய் நிற்பார்கள், பிழை இல்லை. ரயிலில் மட்டும்தான் எதிரெதிர் இருக்கை. போகாமல் எழுதவில்லை. போயிருக்கிறார். எல்லா வண்டியிலும் போயிருக்கிறார், எல்லாவற்றிலும் பின்னோக்கி உட்கார்ந்து போயிருக்கிறார், எதிரே அவளை வைத்து. இங்கே வண்டி திரும்பியபோது எழுந்து அவளுக்கு மறுபடியும் முன்னிருக்கையைக் கொடுத்துவிட்டுத் தானே வந்து பின்னோக்கி உட்கார்ந்திருக்கிறார். நாங்களும் இடம் மாறி உட்கார்ந்தோம். படுபாவி, படுபாவி.

"என்ன பெரியம்மா, மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு? கொமட்டுதா?" செண்பகா பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். "அதுக்குத்தான் வாங்கியாந்தேன். இஞ்சி பிஸ்கட். பின்னாடி பாத்துப் போனா சிலருக்கு வாந்தி வரும்லா, இஞ்சி கடிச்சா அடங்கிரும்." கையில் வாங்கினேன். இஞ்சி பிஸ்கட். இந்தப் புத்தகத்தில் அத்தியாயத்துக்கு ஒரு தடவை இஞ்சி பிஸ்கட் வருகிறது. யார்க்கில் வாங்கினோம், கார்டிஃபில் வாங்கினோம், இந்த ஊர் இஞ்சி பிஸ்கட்டுக்கு ஈடே இல்லை. இஞ்சி பிஸ்கட் புராணம் என்று அதற்கும் ஓரத்தில் கிண்டல் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நிமிஷத்துக்கு முன்பு வரை எனக்கு ஒரு ஆறுதல் மிச்சம் இருந்தது. தலைசுற்றல் என்பதே பொய், இருபத்தாறு வருஷமும் நல்ல இருக்கைக்காகச் சொன்ன பொய் என்று வைத்துக்கொண்டு திட்டலாம் என்றிருந்தேன். பொய்யனைத் திட்டுவது சுலபம். இப்போது அதுவும் போச்சு. தலை சுற்றியிருக்கிறது. குமட்டியிருக்கிறது. நாற்பது நாளும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து, எதிரே இருப்பவளுக்குக் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார். கொடைக்கானல் பேருந்தில் அவருக்காக என் கைப்பையில் இஞ்சி மரப்பா வைத்திருப்பேன், கேட்பதற்கு முன்னால் எடுத்துக் கொடுப்பேன், பிரித்த காகிதத்தை என் கையிலேயே திணிப்பார். அந்த மனுஷனுக்கு முடிந்திருக்கிறது. முடியாது என்பது இல்லை, எனக்காக முடியவில்லை, அவ்வளவுதான். பொய்யாகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? பிஸ்கட்டைக் கடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, அது வேறு.

"அந்தப் பாலம் வரப் போகுது, மாறி உக்காருங்க, நீங்க பாக்கணும்லா," என்று செண்பகா மறுபடி எழுந்தாள். உட்காருடி என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தாள். இருபத்தொரு வளைவுப் பாலம், வளைந்து போகும், புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். எனக்கு இங்கிருந்துதான் பார்க்க வேண்டும். அவர் இங்கிருந்து என்ன பார்த்தார் என்று தெரிய வேண்டும். வண்டி வேகம் குறைந்தது. பாலம் எனக்கு இன்னும் தெரியவில்லை, ஆனால் செண்பகாவின் முகத்தில் வந்துவிட்டது. முதலில் புருவம் தூக்கியது, பிறகு வாய் லேசாகத் திறந்தது, போனை மடியில் போட்டுவிட்டாள், வாசலில் விளக்கு வைத்தது மாதிரி முகம் மொத்தமும் வெளிச்சம். அதற்கப்புறம்தான் என் ஜன்னலில் கல் தூண்கள் ஒவ்வொன்றாக வந்து விலகிப் போயின. ஓ, இதுவா. இது எனக்குத் தெரிந்ததுதானே. கோதாவரியை நான் அவர் முகத்தில்தானே பார்த்தேன். ஒவ்வொரு பாலத்தையும் ஒவ்வொரு கோபுரத்தையும் அது வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் முகத்தில் பார்த்திருக்கிறேன். பின்னோக்கி உட்கார்ந்தவருக்கு ஊர் தெரிவது எதிரே இருக்கிறவர் முகத்தில்தான். அந்த நான்கு பக்கத்தையும் இப்போது அவசரமாகப் புரட்டினேன். தூண்களைப் பற்றி இரண்டு வரி. மிச்சமெல்லாம் அவள் எப்படிப் பார்த்தாள், என்ன சொன்னாள், கண் எப்படி விரிந்தது. மூன்றே முக்கால் பக்கம். கண்ணீர் வந்தது, வரட்டும், தூசி என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. நான் உட்கார்ந்த இடத்தில் நாற்பதே நாள் உட்கார்ந்துவிட்டு இந்த மனுஷன் கண்டுபிடித்திருக்கிறார், நான் இருபத்தாறு வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை. அது நான்தான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஒரு வரி எழுதியிருப்பார். இல்லை. தேடிவிட்டேன். ஒரு வரியும் இல்லை.

கடல் வந்தது, வலது கைப்பக்கம். தூரத்தில் இரண்டு தீவு. கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். 'இது பயணம் அல்ல, புரட்டு.' எழுதி முடித்த ராத்திரி எவ்வளவு சந்தோஷமாகத் தூங்கினேன். அனுப்பலாம். பொய்யென்று தெரிந்தும் அனுப்பலாம், விருது நின்றுபோகும், போனதை நிரூபிக்க அவர் டிக்கெட்டைத் தேடி அலைவார். முப்பத்திரண்டு வருஷத்தில் பிழையென்று தெரிந்தே ஒன்றை அச்சுக்கு அனுப்பியதில்லை. இந்த ஆளுக்காக அதைக் கெடுத்துக்கொள்வேனா. மூன்று பக்கத்தையும் நான்காகக் கிழித்தேன். பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டேன். அச்சகத்தில் ஒரு வழக்கம், காரணம் புரியாத பிழை வந்தால் நாங்கள் திருத்த மாட்டோம், ஓரத்தில் கேள்விக்குறி போட்டு நூலாசிரியர் விளக்குக என்று எழுதி அனுப்புவோம், அவர் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். பதினைந்தாவதாக லாக் ஈலைச் சேர்த்தேன், ஆடுகிற வண்டியில் கோணாமல், அடியில் எழுதினேன். 'மேற்கண்ட பதினைந்தும் ரயில் பகுதிகளில் மட்டுமே உள்ளன. பேருந்திலும் படகிலும் இல்லை. ஒவ்வொன்றும் பின்னோக்கிய இருக்கையிலிருந்து பார்த்தால் சரி. காரணத்தை நூலாசிரியர் விளக்குக. அவருடைய முதல் புத்தகத்தின் முன்னுரை, முதல் வரியையும் வாசகர்கள் சேர்த்துப் பார்க்கவும்.' கீழே பெயர். உலகம்மாள், மெய்ப்புத் திருத்துநர். விளக்கட்டும். மண்டபம் முழுக்கச் சிரித்த அத்தனை பேரும் அந்த முன்னுரையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். முதல் வரிசையில் உட்கார்ந்து அவளும் படிக்கட்டும், தான் உட்கார்ந்து வந்த இருக்கை யாருக்குக் கிடைக்காமல் போனது என்று. என்ன பதில் எழுதினாலும் அதில் நான் இருப்பேன். அச்சில் எனக்கு இரண்டாவது வரி.

மாலெக்கில் இறங்கினோம். மீன் வாடை, காற்று, எங்கு பார்த்தாலும் கத்துகிற வெள்ளைப் பறவைகள். கிழித்ததைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். தபால்பெட்டி துறைமுகத்துக்குப் போகிற வழியில் சுவரில் பதித்திருந்தது, சிவப்பாக, சின்னதாக. உறை மேலிருந்த முகவரியை அடித்துவிட்டு வேறு முகவரி எழுதினேன், கேள்விக்குறி போட்ட தாள் நேராக அச்சுக்குப் போவதில்லை. செண்பகா ஒட்டிக் கொடுத்த தபால்தலையை ஒரு தடவை விரலால் அழுத்திவிட்டு உறையை உள்ளே தள்ளினேன். பிடித்த விரல் விட ஒரு நொடி ஆனது, பிறகு விட்டது. உள்ளே விழுந்த சத்தம் கேட்டது, நிறைய கடிதம் இல்லை போலிருக்கிறது. "பத்திரிகைக்குத்தான பெரியம்மா?" என்றாள் செண்பகா, பையைத் தோளில் மாற்றிக்கொண்டு.

"இல்ல," என்றேன். "உங்க பெரியப்பாவுக்கு."

பதினோரு வருஷத்தில் அந்தச் சொல்லை நான் சொல்லி அவள் கேட்டதில்லை. என் கையைப் பிடித்து, "படகு வந்துட்டு, வாங்க," என்றாள்.